இல்லமும் காகிதக் கைவினையும் – ஒரு சிந்தனை

கல்வி என்பது கண்ணால் படிப்பதும் வாயால் ஒப்பிப்பதும் மட்டுமன்று. கையால் செய்து அறிவதும் கல்வியே ஆகும். இதனை நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். ஆயினும் செய்து அறிய வேண்டிய வயதில் நம் பிள்ளைகளின் கைகளுக்கு என்ன வேலை தந்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பழந்தாள், கந்தல் துணி, பனையோலை, கொட்டாங்கச்சி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே அழகுப் பொருள்கள் செய்யும் எளிய கைவினையைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. அச்சிறு கைவினை நம் இல்லங்களை விட்டு அகன்றபோது, அதனோடு ஒரு பெரும் பண்பும் அகன்று வருகிறது என்பது நமது கருத்து.

ஓர் இரவு நிகழ்ச்சி

நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்லுதல் முறை. ஏழாம் வகுப்பில் பயின்ற நம் மகள் ஓர் இரவு ஒன்பது மணிக்கு வந்து, மறுநாள் காலையில் அணைக்கட்டு ஒன்றின் மாதிரியைப் பள்ளிக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்றாள். பெண்ணையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த நமக்குச் சாத்தனூர் அணையைப் பற்றி அவளோடு பேசவும், தாளும் களிமண்ணும் எடுத்து உடன் அமரவும் அது நல்ல வாய்ப்பு. நாம் அதனைச் செய்யவில்லை. திருக்கோவிலூர்க் கடைத்தெருவிற்கு விரைந்து, தெர்மோகோலில் வெட்டி நீல வண்ணம் பூசி விற்பனைக்கு வைத்திருந்த அணை ஒன்றை வாங்கி வந்தோம். அதன் அடியில் ஒட்டியிருந்த வெண்சீட்டில் பெயர் எழுதுவது ஒன்றே பாக்கி. குழந்தை எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, “அத்தா, இதை நான் செஞ்சேன்னு எழுதணுமா?” என்று கேட்டாள். “எழுதும்மா, நேரமாயிற்று” என்றோம். அவள் எழுதினாள்.

அந்த அணைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. செய்தித்தாளை ஊறவைத்துப் பிசைந்து தன் கையாலேயே அணை கட்டிய வகுப்புத் தோழிக்குப் பாதி மதிப்பெண்; அவள் வேலையில் ‘தூய்மை போதாது’ என்று குறிப்பு. அந்தப் பள்ளியை மட்டும் நாம் குறை கூற வரவில்லை. முதற்குறை நம்முடையது. பொய் பேசாதே என்று நாளும் சொல்லி வளர்த்த பிள்ளையின் கையால், அவள் செய்யாத ஒன்றின்மேல் அவள் பெயரை எழுதச் செய்தவர் நாமே அன்றோ?

நன்னிமாவின் காகிதக் கூடை

நமது நன்னிமா எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் காகிதத்தின் இயல்பை அவர் அறிந்த அளவிற்கு நாம் அறியோம். மாதம் ஒருமுறை வீட்டிலுள்ள பழந்தாள்களைத் திரட்டுவார். முதலில் அவற்றைப் பிரித்து வைப்பார். இறைவன் திருப்பெயரோ மறைவசனமோ அச்சிட்ட தாள் ஒரு பக்கம் மரியாதையோடு எடுத்து வைக்கப்படும். பக்கத்து வீட்டு இந்துத் தாய்மாரும் தாளில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். ஆதலால் நன்னிமாவின் செயல் அவர்களுக்குப் புதுமையாகத் தோன்றியதில்லை.

எஞ்சிய தாள்களைக் கிழித்து இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைப்பார். வெந்தயத்தைத் தனியே ஊறவைத்து, இரண்டையும் ஆட்டுக்கல்லில் இட்டு அரைப்பார். கவிழ்த்த பானையின்மேல் ஈரத் துணியை விரித்து, அரைத்த கூழைச் சீராக அப்பித் தட்டிக் காயவிடுவார். நன்கு உலர்ந்தபின் பானையிலிருந்து கழற்றினால் கூடை ஆயத்தம். தையற்காரரிடம் கேட்டு வாங்கிய வண்ணத் துணித் துண்டுகளை விளிம்பில் ஒட்டி அழகு செய்வார். பூண்டும் காய்ந்த மிளகாயும் அக்கூடையில் இருக்கும். ஓட்டை விழுந்த முறத்திற்கும் அதே கூழே மருந்து. வெந்தயத்தின் வழவழப்பு பசையாகவும், அதன் கசப்பு பூச்சிக்குப் பகையாகவும் அமைந்தது என்பது அம்மூதாட்டியார் சொல்லித் தந்த பாடம்.

ஈண்டு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அக்கூடை முற்றும் வட்டமாய் இருந்ததில்லை. ஒரு பக்கம் சற்றே தடித்திருக்கும். ஆயினும் இது யார் செய்தது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. விரல் தடமே கையொப்பமாய் நின்றது.

காகிதம் வந்த வழி

ஏடு, மடல், ஓலை, இதழ், தாள் என்று எழுதும் பொருளுக்கு நம் தமிழர் இட்ட பெயர்கள் பலவும் பயிர்களின் உறுப்பைச் சுட்டுவன. காகிதம் என்பதோ பாரசீகத்தின் வழி வந்த சொல். கடுதாசி என்பது போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பர். அரபு மொழியின் ‘கிர்த்தாஸ்’ என்னும் சொல்லும், போர்த்துகீசியரின் ‘கர்த்தாஸ்’ என்னும் சொல்லும் பழங்கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்தே கிளைத்தவை. பெயரிலேயே இத்தனை நாடுகளின் உறவு அடங்கியிருக்கிறது.

கி.பி. 105-ஆம் ஆண்டளவில் சீனத்தின் சாய் லுன் காகிதம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்பது வரலாறு. சமர்கந்து வழியாக அக்கலை 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதை அடைந்தது. அரபியர் வழியாக 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வேரூன்றியது. 15-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் மத்திய ஆசியக் கைவினைஞர்களை வரவழைத்து ஆதரித்தார். காஷ்மீரக் காகிதக் கூழ்க் கலைக்குப் பழம்பெயர் ‘கார்-இ-கலம்தானி’ என்பதாகும். எழுதுகோல் வைக்கும் பேழைக்குக் ‘கலம்தான்’ என்று பெயர். எழுதிக் கழித்த தாளே கூழாகி, மீண்டும் எழுதுகோலைத் தாங்கும் பேழையாயிற்று! உருவம் செய்வோர் ஒருவர், அதன்மேல் சித்திரம் தீட்டுவோர் மற்றொருவர் என்று அத்தொழில் இரு கூறாக வளர்ந்தது. நன்னிமாவின் கூடையும் காஷ்மீரப் பேழையும் அடிப்படையில் ஒரே கலையே. ஒன்று அரண்மனையின் ஆதரவு பெற்றது; மற்றொன்று அடுப்பங்கரையோடு நின்றுவிட்டது.

நம்மைச் சுற்றிலும்

இக்கலை நம் பகுதிக்கு அயலானதன்று. நமக்குக் கிழக்கேயுள்ள பண்ருட்டி களிமண்ணாலும் காகிதக் கூழாலும் செய்த கொலு பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. விழுப்புரம் மாவட்ட எல்லையை ஒட்டியுள்ள புதுவைத் திருக்கனூரின் காகிதக் கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. நம் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பமும் 2021-இல் அக்குறியீட்டைப் பெற்றது. நெட்டி என்னும் நீர்த்தாவரத்தின் தண்டைச் சீவிச் செய்யும் தஞ்சை நெட்டி வேலைக்கு 2020-இல் அச்சிறப்புக் கிடைத்தது.

பல பொருள்களை ஒன்றாக இணைத்துச் செய்வதை மேனாட்டுப் புதுமை என்று கருதுவோர் உளர். 1912-இல் பிக்காசோவும் பிராக்கும் தாள் துண்டுகளை ஓவியத்தில் ஒட்டியது கலையுலகில் ஒரு திருப்பம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடுகள் எழுப்பி, பொன்தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்துச் செய்யும் தஞ்சாவூர் ஓவியம் அதற்கு நெடுங்காலம் முற்பட்டது. பல்பொருள் கைவினையை நாம் எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

மடிப்பினுள் கணிதம்

இது பொழுதுபோக்கு, இதில் அறிவு எங்கே என்பார்க்குச் சென்னை மாகாணத்தில் அரசுப் பணியாற்றிய டி. சுந்தர ராவ் விடை தந்திருக்கிறார். தாளை மடிப்பதன் வாயிலாகவே வடிவ கணிதத்தைக் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை அவர் 1893-இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணிதப் பேரறிஞர் பெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதனைச் சுட்டிக் காட்டினார். 1901-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் அது பதிப்பிக்கப் பெற்றது. குழந்தைப் பள்ளிகளுக்கென ஜெர்மானியக் கல்வியாளர் புரோபெல் வகுத்த தாள் மடிக்கும் பயிற்சியே அவருக்குத் தூண்டுகோலாயிற்று. சிறுவர் விளையாட்டில் அவர் கணிதத்தைக் கண்டார்.

மாணவர்களே, நீங்களும் செய்து பார்க்கலாம். நீண்ட தாள் நாடா ஒன்றைச் சாதாரண முடிச்சாக முடிந்து மெல்ல இறுக்கித் தட்டையாக்குங்கள். ஒழுங்கான ஐங்கோணம் தோன்றும். இரு சம சதுரங்களை மையம் பொருத்தி, ஒன்றைப் பாதிச் செங்கோணம் திருப்பி மற்றொன்றின்மேல் ஒட்டுங்கள். எண்முனை விண்மீன் பிறக்கும். பள்ளிவாசல்களின் அழகு வேலைப்பாடுகளிலும் நம் தெருக் கோலங்களிலும் அவ்விண்மீனைக் காணலாம். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகவும், மறு திசையில் கிழித்தால் கோணலாகவும் கிழிவதைக் கவனியுங்கள். இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருப்பதே காரணம். இழையோட்டத்தின் வழியே மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். இவை கை சொல்லித் தரும் பாடங்கள்; கடையில் வாங்க இயலாதவை.

சில மறுப்புகள்

பெற்றோர்க்கு நேரமில்லை என்பது முதல் மறுப்பு. அது ஓரளவு உண்மையே. அதனாற்றான் முதல்நாள் சொல்லி மறுநாள் கொண்டுவரச் சொல்லும் வழக்கத்தைப் பள்ளிகள் கைவிட வேண்டும் என்கிறோம். கூழ் உலரவே பல நாள்கள் வேண்டும். பிள்ளைகளின் அறிவு ஓரிரவில் உலர்ந்துவிடுமா?

கடையில் வாங்குவது அழகாக இருக்கிறது என்பது இரண்டாம் மறுப்பு. அந்த அழகு தெர்மோகோலின் அழகு. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தெர்மோகோல் தட்டுகள், குவளைகள், பிளாஸ்டிக் கொடிகள் முதலியவற்றைத் தடை செய்தது. 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்திற்கான தெர்மோகோலும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. சுற்றுச்சூழலைப் பற்றிய கண்காட்சிக்கே தெர்மோகோலில் மாதிரி செய்து வரும் முரண்பாட்டை என்னென்பது! நம் பகுதியோ கரும்பு விளையும் மண். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்கென்றே தமிழக அரசு 1979-இல் ஓர் ஆலை நிறுவனத்தைத் தொடங்கியது. வயலில் பிறந்து, தாளாகி, கூழாகி, கூடையாகி, மீண்டும் மண்ணுக்கே திரும்பும் பொருளை விட்டு, மக்காத பொருளைத் தேடி ஓடுவது அறிவுடைமை ஆகாது.

இது பெண்பிள்ளைகளின் வேலை என்பது மூன்றாம் மறுப்பு. சமுதாயப் பெரியோர்களிடமிருந்தே இதனை நாம் கேட்டிருக்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் கைத்திறன் மிக்கவர்கள். எனினும் அவர்கள் செய்வதைத் தொழில் என்றோ கலை என்றோ நாம் மதித்ததில்லை. ஆண்மக்களோ பொத்தான் தைக்கவும் அறியாமல் வளர்கிறார்கள். இரண்டும் குறையே. காஷ்மீரத்தில் ஆடவர் பரம்பரை பரம்பரையாகக் காகிதப் பேழை செய்து புகழ் பெற்றார்கள். கைக்கு ஆண் பெண் என்ற பேதமில்லை.

கல்லூரி வரை நீளும் நிழல்

ஏழாம் வகுப்பில் வாங்கிய அணையோடு இது முடிந்துவிடுவதில்லை. அதே பிள்ளை கல்லூரிக்கு வரும்போது திட்டக் கட்டுரையையும் விலை கொடுத்து வாங்கலாம் என்று எண்ணுகிறது. நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதிய நாளில் குறிப்புச் சீட்டுகளைக் கையால் எழுதி, நூலால் கோத்து வைத்தோம். இன்று அட்டையும் பொன்னெழுத்தும் மின்னுகின்றன. உள்ளே இருப்பதைப் பற்றி வினவினால் மாணவர் தலை குனிகின்றார். இதற்காக அவரைக் கடிந்துகொள்ளும் நாம், தான் செய்யாததன்மேல் தன் பெயரை எழுதலாம் என்று அவருக்கு முதன்முதலில் கற்பித்தவர் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்.

செய்யத் தக்கவை

ஆசிரியப் பெருமக்கள் பிள்ளைகளின் கைவேலையை வகுப்பிலேயே செய்யச் சொல்லி, பழைய தாளும் பசையும் மட்டுமே தந்து மதிப்பிடலாம். கோணலான சொந்த வேலைக்கு நேரான கடன் வேலையைவிடக் கூடுதல் மதிப்பெண் தருதல் வேண்டும்.

பெற்றோர் வாரத்தில் ஒரு மாலையேனும் பிள்ளைகளோடு அமரலாம். திருமண அழைப்பிதழ்கள் வீடுதோறும் குவிகின்றன. அத்தடித்த அட்டைகள் உறையாகவும் பேழையாகவும் நூலில் வைக்கும் அடையாளத் தாளாகவும் மாறும். செலவு இல்லை, தேவை பொறுமை ஒன்றே.

நமது கல்லூரி ஆண்டுதோறும் நடத்தும் கண்காட்சியில் ஒரு மூலையையேனும் இதற்கு ஒதுக்கலாம். காகிதக் கூடை செய்யத் தெரிந்த மூதாட்டியர் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களை அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தி, மாணவர் தரையில் அமர்ந்து கற்றுக்கொள்ளட்டும். பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றைத் தமிழ்த்துறை மாணவர் காகிதக் கூழால் செய்து அங்கே வைக்கட்டும். பாறையின் கரடுமுரடு கூழில் தானாகவே வரும், தெர்மோகோலில் வாராது.

நம் மகள் இப்போது பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். சென்ற ஆண்டு விடுமுறையில் நன்னிமா செய்த முறைப்படி நாமும் அவளும் வெந்தயம் ஊறவைத்துக் கூடை ஒன்று செய்தோம். முதற்கூடை பானையை விட்டுக் கழலாமல் உடைந்தது. இரண்டாவது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதன் அடியில் அவள் தன் பெயரை எழுதினாள். இம்முறை நம்மைக் கேட்கவில்லை.