கிருதுமாலைச் சாக்கடையாகவே விட்டுவிடப் போகிறோமா?

வைகைக்குத் தெற்கே இன்னொரு ஆறு மதுரைக்குள்ளேயே ஓடுகிறது. நாகமலை அடிவாரத்து மழைநீரையும் துவரிமான் கண்மாயின் உபரி நீரையும் வாங்கிக்கொண்டு, எல்லீஸ் நகர், கீரைத்துறை, சிந்தாமணி என்று ஊரை ஊடறுத்துக் கிழக்கே போய், வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பி, குண்டாற்றில் சேரும் கிருதுமால் நதி. மச்ச அவதாரக் கதையில் சத்தியவிரதன் கையில் மீன் வந்து சேர்ந்தது இந்த நதியில்தான் என்கிறது பாகவத புராணம். கூடலழகர் கோயிலுக்குத் தீர்த்தமாக இருந்த ஆறு. இன்று அதன் பாலங்களைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள்.

மதுரை ஒரேயடியாக வளர்ந்த ஊர் அல்ல. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் வெளி வீதிகள் வந்தன. அதுவரை மதிலுக்குள் அடங்கியிருந்த ஊர் நாலு திசையிலும் பரவத் தொடங்கியது. 1866இல் நகராட்சி, 1971இல் மாநகராட்சி. 2011இல் ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் முதலிய பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு 72 வார்டுகள் 100 ஆயின. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 148ஐத் தொட்டது. மனை விற்றார்கள், வீடு எழும்பியது, வரி வசூலும் தொடங்கிவிட்டது. பாதாளச் சாக்கடை மட்டும் பின்னால்தான் வந்தது. பல தெருக்களுக்கு நெடுங்காலம் வரவே இல்லை. வீட்டுக் கழிவுநீர் எங்கே போகும்? பக்கத்தில் இருந்த வாய்க்காலுக்கும், அங்கிருந்து கிருதுமாலுக்கும் போனது. கழிவுநீரைத் தாங்கும் ஓடையாக மாறிய பிறகு, கரையை ஆக்கிரமிப்பதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

கரையோரம் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகும் மக்கள். கொசுவும் நாற்றமும் வருஷம் முழுக்க அவர்களுக்கு. கனமழை பெய்தால் சாக்கடைத் தண்ணீரும் வாசலேறி வருகிறது. 2024 அக்டோபரில் வடகரையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கிச் செல்லூர்த் தெருக்கள் மூழ்கியதை ஊரே பார்த்தது. தென்கரைக்கும் அந்த நிலை வரக் கூடாது.

இது நகரத்துப் பிரச்னை மட்டுமல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கீழே நரிக்குடிப் பக்கத்து விவசாயிகள் இந்த ஆற்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்காக விரகனூர் மதகணையிலிருந்து வைகைத் தண்ணீர் கிருதுமாலில் திறக்கப்படுவதுண்டு. அதாவது, அணைத் தண்ணீர் வந்தால் ஆறு. வராத நாளில் மதுரையின் கழிவு. நாம் கழித்துவிட்ட தண்ணீர் இன்னொரு மாவட்டத்துக்காரரின் வயலுக்குப் போவதை எந்த நியாயத்தில் சரி என்போம்?

வழக்கமாக நடப்பது, மழைக்காலத்துக்கு முன் எந்திரத்தை இறக்கித் தூர்வாருவது. ஆகாயத்தாமரையையும் குப்பையையும் அள்ளிக் கரையில் போடுகிறார்கள். அடுத்த மழையில் பாதி மீண்டும் உள்ளே விழுகிறது. இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பியும் பார்த்தாயிற்று. கழிவுநீர் நுழையும் வாய்களை அடைக்காத வரை இந்தச் செலவெல்லாம் வீண். அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போக வேண்டிய கழிவைக் குழாய் வழியே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முதல் வேலை.

துவரிமானில் தொடங்கி சிந்தாமணி வரை, கழிவுநீர் விழும் ஒவ்வொரு இடத்தையும் மாநகராட்சி கணக்கெடுத்து மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். வருவாய்த் துறை பழைய நில அளவைப் பதிவுகளின்படி ஆற்றின் அகலத்தை அளந்து எல்லைக்கல் நடட்டும். வீடு இழக்கும் ஏழைகளுக்கு முதலில் மாற்று இடம், அதன் பிறகே இடிப்பு. துவரிமான் கண்மாயிலிருந்து நல்ல தண்ணீர் ஆற்றுக்குள் வரும் பாதையை நீர்வளத் துறை சீராக்க வேண்டும்.

மாநகராட்சியும் நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் அந்தக் கணக்கெடுப்பையாவது முடித்துக் கொடுங்கள்.