'சி.ஆர்.பி. எவ்வளவு சார்?'

கே.கே. நகர் சிவன் பூங்காவில் காலையில் வாக்கிங் போகிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 'சார், உங்களுக்கு சி.ஆர்.பி. எவ்வளவு?' ஒரு காலத்தில் பையன் பிளஸ் டூவில் எவ்வளவு மார்க் என்று விசாரித்த அதே ஆட்கள்தான். இப்போது ரத்தத்துக்கு மார்க் போடுகிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். என்னால் முடியவில்லை. காரணம், 2021 மே மாதம்.

எங்கள் தெருவில் ஒருவருக்குக் கொரோனா. லேசான காய்ச்சல், இருமல். ஆக்ஸிமீட்டரில் 97. இட்லி சாப்பிட்டுக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மனிதர். லேபிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். சாயங்காலம் வாட்ஸப்பில் ரிப்போர்ட். சி.ஆர்.பி. 38. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஹெச்'. அவர் மனைவி போனில் அழுதார். 'அண்ணா, பத்துக்குள்ள இருக்கணுமாம். முப்பத்தெட்டு காட்டுது. பயமா இருக்குண்ணா!'

பயம் சும்மா இருக்குமா? யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டு வாட்ஸப்பில் வந்தது. அதைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கினார்கள். அவர் சர்க்கரை நோயாளி வேறு. நாலே நாளில் சர்க்கரை நானூறைத் தாண்டியது. கொரோனா படுக்க வைக்காத மனிதரை மாத்திரை படுக்க வைத்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, பிழைத்து வந்தார்.

அந்த மே மாதத்தில்தான் கருப்புப் பூஞ்சை பற்றி மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தகவல் தர வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் தேவையில்லாத ஸ்டீராய்டும்தான் அந்தப் பூஞ்சைக்குப் பந்தி விரித்தன.

சி.ஆர்.பி. என்பது என்ன? உடம்பில் எங்காவது கிருமி புகுந்தாலோ, திசு காயப்பட்டாலோ கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். எங்கோ புகைகிறது என்று அது சொல்லும். எரிவது அடுப்பா, குப்பைத் தொட்டியா, வீடா என்று சொல்லாது. ஈறு வீங்கியிருந்தாலும் ஏறும். தொப்பை, சிகரெட் இருந்தாலும் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

இன்னொரு கூத்து. சில லேபில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுவார்கள். சில லேபில் டெசிலிட்டருக்கு. அங்கே 10 என்றால் இங்கே 1. இது தெரியாமல் இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

அப்படியென்றால் இந்த டெஸ்ட்டே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஆயிரம் கொரோனா நோயாளிகளை எடுத்துக்கொண்டால், சி.ஆர்.பி. அதிகமாக இருந்த கூட்டத்தில்தான் நோய் முற்றியவர்கள் அதிகம். உண்மை. ஆனால் அதே கூட்டத்தில் நடந்தே வீட்டுக்குப் போனவர்களும் ஏராளம். கூட்டத்துக்குச் சொன்ன ஜோசியம் உங்களுக்கும் பலிக்கும் என்று கட்டாயமில்லை.

ஆஸ்பத்திரியில் இதே எண் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. பிரிட்டனில் நடந்த 'ரிகவரி' ஆய்வு, ஆக்ஸிஜன் அளவும் குறைந்து, சி.ஆர்.பி.யும் 75-க்கு மேல் இருந்தவர்களுக்கு டோசிலிசுமாப் மருந்து பலன் தந்ததாக 2021-ல் சொன்னது. கவனியுங்கள், இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். அதே ஆய்வுதான் 2020 ஜூனில், ஸ்டீராய்டு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களின் உயிரைக் காக்கிறது, தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்றும் சொன்னது. லேசான கொரோனாவுக்கு சி.டி. ஸ்கேனும் இந்த ரத்தப் பரிசோதனைகளும் வேண்டாம் என்று அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா 2021 மே மாதத் தொடக்கத்தில் வெளிப்படையாகவே எச்சரித்தார். யார் கேட்டோம்?

இன்றும் கேட்கவில்லை. 'ஃபுல் பாடி செக்கப், இத்தனை டெஸ்ட், பாதி விலை' என்று கூவுகிறார்கள். துணிக்கடைத் தள்ளுபடி மாதிரி ரத்தத்துக்கும் ஆடித் தள்ளுபடி! டெஸ்ட் எண்ணிக்கை கூடக் கூட, ஏதாவது ஒன்றில் 'ஹெச்' விழும் வாய்ப்பும் கூடுகிறது. அதைப் பார்த்து அடுத்த டெஸ்ட். யாருக்கு லாபம்?

லேப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பயத்தை மூட்டுகிற 'ஹெச்' பக்கத்தில், 'இதை மட்டும் வைத்து மருந்து சாப்பிடாதீர்கள்' என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால் மை தீர்ந்துவிடாது. டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: எழுதித் தருகிறீர்கள், எதற்கு என்று ஒரு நிமிஷம் சொல்லுங்கள்.

உங்களுக்கு? டாக்டர் டெஸ்ட் எழுதினால் கூச்சப்படாமல் கேளுங்கள்: 'இது ஏறினா என்ன பண்ணுவீங்க, இறங்கினா என்ன பண்ணுவீங்க டாக்டர்?' நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், விளக்குவார். விளக்கம் கிடைத்தால் தாராளமாக ரத்தம் கொடுங்கள்.

நாளைக் காலை பூங்காவில் யாராவது 'சி.ஆர்.பி. எவ்வளவு சார்?' என்று கேட்டால், 'எதுக்குப் பாக்கணும்னு டாக்டர் சொன்னார்?' என்று திருப்பிக் கேளுங்கள். 'டாக்டரா? ஆஃபர்ல வந்துது சார்' என்று பதில் வந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு இன்னும் இரண்டு ரவுண்டு நடங்கள். அதற்குக் காசு கிடையாது.