கோள்மூட்டி சென்ஸார்!
பள்ளிப்பட்டு-திருத்தணி ரோட்டில் ஒரே சீராகப் போகிற கார், மிதிக்காமலே பாய்கிறது, அப்புறம் பம்முகிறது. முன்னால் போகிற பஸ்ஸை முத்தமிடாத குறை! 'பெட்ரோல் பம்ப்பை மாத்திடலாம் சார்' என்பார் மெக்கானிக். பொறுங்கள்!

கேபிள் இழுக்கும் பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் கோள்மூட்ட ஒரு குட்டி சென்ஸார் உண்டு. பழைய ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரி சமாசாரம்தான். ஒரே இடத்தில் உரசித் தேய்ந்தால் ரேடியோவில் கரகர, காரில் பாய்ச்சல்.

இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் 'ஆன்' பண்ணி, சிக்னல் ஒயரில் முள் மீட்டரை வைத்து, த்ராட்டிலை மெள்ளத் திறக்கச் சொல்லுங்கள். சுமார் 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 பக்கம் வரை முள் வழுக்கிக்கொண்டு ஏறணும். நடுவில் துள்ளினால் ஆசாமி அகப்பட்டான்! (டிஜிட்டல் மீட்டர் இதைக் கோட்டைவிடலாம்.) துள்ளவில்லையா? வாக்யூம் ஹோஸில் விரிசல் தேடுங்கள். பம்ப் அப்புறம்!