சமாளிக்கச் சொல்லாதீர்கள்

செவிலியர் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவிக்கு நம் சமூகம் வழங்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: சமாளித்துக்கொள். நேரத்தைத் திட்டமிடு, அதிகாலையில் எழு, சேவை மனப்பான்மையை வளர்த்துக்கொள் என்று அதற்குப் பல உருவங்கள் உண்டு. வரவேற்பு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் சொல்வதும் அதுவே. விடுதியிலிருந்து அழைத்து அழும் மகளிடம் பெற்றோர் சொல்வதும் அதுவே. இந்த அறிவுரையை நாம் ஏற்கவில்லை. சுமை தாங்கமுடியாததாக இருக்கையில் தூக்குபவளின் முதுகை மட்டும் ஆராய்வது நேர்மையன்று. மூட்டையையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியைச் சுற்றி இன்று கல்லூரிகள் பெருகிவிட்டன. போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் என்று எப்பக்கம் போனாலும் பெரிய தனியார் மருத்துவக் கல்லூரியொன்று எதிர்ப்படும். சாவடி என்றால் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். காலைப் பேருந்துகளில் வெள்ளைச் சீருடையுடன், மடியில் ரெக்கார்டு நோட்டை விரித்து மிச்சத்தை எழுதி முடிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை.

இந்திய செவிலியர் கழகம் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள். பருவத்துக்கு இருபது வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். முதல் பருவத்திலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், ஆங்கிலம், செவிலிய அடிப்படைகள் ஆகிய அனைத்தும் வந்துவிடுகின்றன. இறுதிப் பருவத்தின் பயிற்சிப் பணிக்கு வாரம் 48 மணி நேரம். வார்டுப் பயிற்சியில் வருகை நூறு விழுக்காடு இருந்தாலன்றிப் பட்டம் இல்லை.

நாற்பது மணி நேரம் ஒன்றும் கொடுமையில்லையே என்று கேட்கலாம். கால அட்டவணைக்குள் இருப்பது மட்டுமே அந்த நாற்பது. நோயாளி பராமரிப்புத் திட்டம், கேஸ் ஸ்டடி, செயல்முறைக் குறிப்பேடு, படம் வரைந்த ஒப்படைப்பு ஆகியவை இரவில், விடுதி விளக்கடியில் நடப்பவை. இவற்றை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று அதே பாடத்திட்டத்தில் இருக்கிறது. வகுப்பறையில் வாரம் ஒரு மணி நேரம் பாடம் கேட்டால் பருவமுடிவில் ஒரு கிரெடிட். வார்டில் நோயாளியின் அருகே நின்றால் வாரம் நான்கு மணி நேரத்துக்குத்தான் அதே ஒரு கிரெடிட். வகுப்பு மணிக்குப் பின்னால் வீட்டுப் படிப்பு இருக்கிறது, ஆகவே அதற்கு எடை கூடுதல் என்பது கல்வியாளர் தரும் விளக்கம். ஆனால் வார்டு மணிக்குப் பின்னாலும் ரெக்கார்டு எழுதும் இரவு இருக்கிறதே! அதற்கு மட்டும் ஏன் எடையில்லை? நோயாளியின் அருகில் நிற்பதே செவிலியத்தின் உயிர் என்று மேடையில் முழங்குகிறோம். மதிப்பெண் ஏட்டில் அதைக் கால் பங்காகக் குறைத்து எழுதுகிறோம்.

மாணவியை மலிவான வேலையாளாக நடத்தும் வழக்கம் நம் நாட்டில் மட்டும் முளைத்ததன்று. அமெரிக்காவில் 1923இல் வெளியான கோல்ட்மார்க் அறிக்கை, மருத்துவமனையின் வேலைத்தேவை மாணவியரின் கல்வியை விழுங்குவதைக் கண்டித்தது. பிரிட்டனில் 1980களின் இறுதியில் தொடங்கிய சீர்திருத்தம், பயிலும் செவிலியரைப் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது என்று வகுத்தது. வார்டில் அவர்கள் உபரியாக, கற்பவர்களாக மட்டுமே நிற்கவேண்டும் என்பது அதன் பொருள். நம் ஊரில் வார்டுக்கு வரும் முதலாண்டு மாணவியை 'ஆள் வந்தாச்சு' என்று வரவேற்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வரவேற்பில் அவள் கற்க வந்தவள் என்பது மறந்துபோகிறது.

இலக்கிய வாசகர்களான நாம் குறிப்பாகப் பேசவேண்டியது மொழியைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்றவள் முதல் வாரத்திலேயே எலும்புகளையும் நரம்புகளையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யவேண்டும். பாடத்தைப் படிப்பதற்கு முன் மொழிபெயர்க்கவேண்டியிருப்பதால் அவள் உழைப்பு இரட்டிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கலைச்சொற்கள் இல்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை. மேலும், 'எங்கம்மா வலிக்குது?' என்று தமிழில் கேட்கவேண்டிய பெண்ணை, அந்த வலியை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாததற்காகத் தலைகுனியச் செய்வது எந்த வகைக் கல்வி?

உயிர் சம்பந்தப்பட்ட தொழில், கடுமையாகத்தான் பயிற்றவேண்டும் என்பார்கள். மறுக்கவில்லை. நூறு விழுக்காடு வருகையைக் குறைக்கும்படி நாம் கேட்கவில்லை. ஊசி போடும் கை தவறாதிருக்க எத்தனை முறை வேண்டுமானாலும் பழகட்டும். ஆனால் மூத்த மாணவியின் நோட்டைப் பார்த்து அச்சுப்பிசகாமல் பிரதியெடுக்கும் இரவுகளால் எந்த நோயாளிக்கு நன்மை? தூங்காத கண்ணுடன் மருந்தளவு பார்ப்பவளால் யாருக்குப் பாதுகாப்பு? கடுமை வேறு, வீண்சுமை வேறு.

வாய் திறக்காமல் சமாளிக்கப் பழகியவர்களைத்தான் பிற்பாடு குறைந்த கூலிக்கு அமர்த்த முடியும். 2015இல் தமிழக அரசே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியபோதுதான் பலருக்கு அந்தத் தொகையே தெரியவந்தது.

இந்திய செவிலியர் கழகத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய ஆணையம் ஒன்றை அமைக்கும் சட்டத்தை 2023இல் நாடாளுமன்றம் இயற்றியது. அதன்கீழ் எழுதப்படும் விதிகளில் மூன்று இடம்பெறவேண்டும் என்கிறோம். ரெக்கார்டு எழுதும் நேரம் அந்த நாற்பது மணிக்குள் அடங்கவேண்டும். மாணவர் எவரையும் வார்டின் ஆள்கணக்கில் காட்டக்கூடாது. முதலாண்டுத் தேர்விலாவது தமிழில் விடையெழுத வழி வேண்டும்.

இவற்றைச் செய்தபிறகும் படிப்பு கடினமாகவே இருக்கும். அந்தக் கடினத்தை அந்தப் பிள்ளைகள் தாங்குவார்கள். நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.