கூலிக்கு மாரடிப்பது ஏன்?

அனுமந்தன்பட்டி முதலான கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் நிலமும் தோட்டமும் உடையவர்கள் பலர் சொல்லிவரும் குறை ஒன்றுண்டு. அதாவது, "ஆட்களுக்கு வேலையில் அக்கறையே இல்லை, கூலிக்கு மாரடிக்கிறார்கள்" என்பதாகும். இதற்கு அவர்கள் கற்பிக்கும் காரணம் சோம்பேறித்தனம், சாதிக்குணம் என்பவைகள். பக்திமான்களோ, பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்யும்படி உபதேசிக்கிறார்கள்.

தோழர்களே! இதைச் சற்றுப் பகுத்தறிவு கொண்டு யோசியுங்கள். விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் அடைபட்டு, மலையேறி ஏலத்தோட்டத்தில் பாடுபட்டு, பொழுது சாய்ந்து வந்து அடுப்பு மூட்டுகிற பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு? உழைப்புக்குக் குறைவில்லை. இல்லாதது, "இது என் வேலை" என்கின்ற எண்ணமேயாகும். பேரன் வயதுள்ளவன் "ஏய், வாடி" என்று கூப்பிடுகிற இடத்தில், எடையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் வாய் திறந்தால் மறுநாள் வேலையில்லை என்கிற இடத்தில், அந்த எண்ணம் எப்படி முளைக்கும்? ஆயுத பூஜையன்று மண்வெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும்; அதைப் பிடிக்கிற கைக்குத் தனிக் குவளையா?

லாபத்தில் பங்கு கொடுத்தால் அக்கறை தானே வந்துவிடும் என்பார் சிலர். மலைக்கு மேலே மூணாற்றைப் பாருங்கள். 2005-ல் டாட்டா டீ கம்பெனி அங்குள்ள தோட்டங்களை விட்டு விலகியபோது, தொழிலாளர்களையும் பங்குதாரராக்கிக் கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி ஏற்பட்டது. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் காகிதத்தில் முதலாளிகளானார்கள். ஆயினும் 2015-ல் அவர்களது நாட்கூலி 232 ரூபாய்தான். முந்திய வருஷம் 19 சதவிகிதமாயிருந்த போனசும் 10 ஆகக் குறைந்தது. அதிகாரமில்லாத பங்கு, தேர் இழுக்கிறவனைத் தேருக்குச் சொந்தக்காரன் என்று சொல்வது போன்றதேயாகும்.

அவ்வருஷம் செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தங்கள் பேரால் பேசிவந்த சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே ஒன்றுகூடிப் பேசினார்கள். சுமார் ஒன்பது நாளில், போனசும் கருணைத் தொகையுமாக 20 சதவிகிதம் பெற்றார்கள். பிறகு கூலியும் 301 ரூபாயாக உயர்ந்தது. யார் கொடுத்தது? சாமியா, தலைவிதியா? தாங்களும் மனிதர்கள் என்ற உணர்ச்சியன்றோ? அவ்வமைப்பு பின்னால் பிளவுபட்டு நலிந்தது. அதனால், ஒருநாள் ரோஷம் போதாது, அன்றாட ஒற்றுமையும் வேண்டும் என்பது விளங்கும்.

ஆகவே, நம் பள்ளத்தாக்கில் அக்கறை வேண்டுமென்பவர்கள் முதலில் ஆட்களை மரியாதையாய்க் கூப்பிடட்டும். எல்லோருக்கும் ஒரே குவளையில் டீ கொடுக்கட்டும். எடையையும் கணக்கையும் அவர்கள் கண்முன் காட்டட்டும். கூலி பேசும் இடத்தில் பெண்களையும் உட்கார வைக்கட்டும். தொழிலாளத் தோழர்களும் இவைகளைத் தயவாகக் கேட்காமல் உரிமையாகக் கேட்க வேண்டும். இவ்வளவும் செய்தபிறகும் வேலையில் அக்கறை வரவில்லையானால், அப்போது வந்து நம்மிடம் சாதிக்குணத்தைப் பற்றிப் பேசட்டும்!