இலவச வைத்தியமும் அரைப்பேரும்

இலங்கையில் வைத்தியம் இலவசம் என்பர். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது இலவசமன்று. வேலைநாளிற் கிளினிக் சென்றால் அன்றைய பேர் போயிற்று. பாதியில் திரும்பி, குறித்த இறாத்தலை எட்டாவிடின் அரைப்பேரே எஞ்சும். நோயறியச் செல்வதற்கு அவள் செலுத்தும் கட்டணம் அவளது கூலியேயாகும்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது முதல், வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாதர் இந்நாட்டின் தாய்மரணங்களைக் குறைப்பதற்கு ஆற்றிய பணி பெரிது. அதனை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் பெண்ணின் உடல் கருவுறும்போது மட்டுமா கவனிப்புக்குரியது? பிள்ளைப்பேறு முடிந்தபின் வரும் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றை யார் தேடிக் கண்டறிவது? இக்குறையை நிரப்பவே 1996இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பெற்றன. நோக்கம் நன்று. ஆனால், தாயைத் தேடி வீட்டுக்குச் சென்ற சுகாதாரசேவை, பெண்ணைத் தன்னிடம் வருமாறு அழைத்துவிட்டுக் காத்திருக்கிறது.

“தோட்டப் பெண்கள் வருவதில்லை; அறியாமையே காரணம்” என்று கூறுவோர் உளர். பெரும்பாலும் வேலைநாளின் பகற்பொழுதிற் கிளினிக்கை நடத்திவிட்டு, வராதவளை அறிவிலி என்பது எவ்வகை நியாயம்? 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும், அந்தரங்க நோயைத் தன் மொழியில் ஒரு பெண்ணிடம் கூறும் வாய்ப்பு எல்லா இடத்தும் அவளுக்குக் கிட்டுவதில்லை. மகனை மொழிபெயர்ப்பாளனாக நிறுத்தி எந்தத் தாய் தன் மாதவிடாய்க் கோளாற்றை விளக்குவாள்?

தோட்ட வைத்தியம் தொழிலாளியின் நலனிலும் தொழிலின் நலனை முன்னிறுத்தியே வளர்ந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்துரையின்மீது பொறுப்பைச் சுமத்தியது. வேலைக்குக் கைகள் வேண்டியிருந்தன. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி 1990களில் தொடங்கியும் முற்றுப்பெறவில்லை. கம்பனி அரசைக் காட்டுகிறது. அரசு கம்பனியைக் காட்டுகிறது. இடையில் நோய் முற்றுகிறது.

மக்கள் வாழுமிடத்திற்கும் உழைக்குமிடத்திற்கும் இயன்றவரை அருகே சேவை அமைதல் வேண்டுமென்று 1978இல் அல்மா அட்டாப் பிரகடனம் கூறிற்று. கொழுந்து மலையும் உழைக்குமிடமே. எனவே கிளினிக் தோட்டத்திற்கு வரவேண்டும்; தமிழறிந்த பெண் உத்தியோகத்தர் அங்கு இருத்தல் வேண்டும்; பரிசோதனை நாளுக்கு முழுப்பேர் போடப்படல் வேண்டும். இவை சலுகைகள் அல்ல. இவற்றை மறுத்துவிட்டு அறியாமையைப் பற்றிப் பேசுவோர், முதலில் தமது அறியாமையைப் போக்கிக்கொள்வாராக.