பூசத்துக்கு விடுமுறை உண்டு, பாதைக்குக் கழிப்பறை எங்கே?

தை மாதத்துச் சாயங்காலம். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில், ஒட்டன்சத்திரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பந்தல். உள்ளே இருப்பவர் தம்ளரில் மோர் நீட்டுகிறார். பச்சைச் சேலையும் துளசி மாலையுமாக வந்த அம்மா, ஐம்பது வயதிருக்கும், கும்பிட்டுவிட்டு வேண்டாம் என்கிறார். காலையிலிருந்து நடந்ததில் உதடு வெடித்திருக்கிறது. தாகம் இருக்கிறது. குடித்துவிட்டால் எங்கே ஒதுங்குவது என்ற கணக்கும் இருக்கிறது. நன்றாக இருட்ட வேண்டும். கூட வரும் இரண்டு பெண்களைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். பாம்பு கிடக்கிறதா, குடித்துவிட்டு எவனாவது நிற்கிறானா என்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரின் தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். அதுவரை அடக்கிக்கொண்டே நடக்க வேண்டும்.

பாதயாத்திரை போய் வந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார். தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரை அடக்கினால் நீர்க்கடுப்பு வரும்; கிருமி சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். மாதவிலக்கு வழியிலேயே வந்துவிட்டால் நாப்கின் மாற்ற மறைவிடம் கிடையாது, மாற்றியதைப் போட ஒரு தொட்டி கிடையாது. முருகன் கேட்காத இந்தக் காவடியைப் பெண்களின் தோளில் ஏற்றியவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

தைப்பூசம் சொல்லாமல் வரும் புயல் அல்ல. தை மாதம், பூச நட்சத்திரம், பௌர்ணமியை ஒட்டி வரும் நாள் என்று பஞ்சாங்கம் ஒரு வருடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்து வருவது பல தலைமுறை வழக்கம். எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் கூட்டமாக வந்து மலைமேல் இரவு தங்கிப் பஞ்சாமிர்தம் செய்வதும் அப்படியே. பூசம் முடிந்தால் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து கொங்கு நாடே கிளம்பும். மார்கழியில் தொடங்கும் நடை பங்குனி வரை விட்டுவிட்டு நீள்கிறது. எந்தச் சங்கம் எந்த நாளில் எந்த ஊரில் தங்கும் என்பது சாலையோரத்து டீக்கடைக்காரருக்கு மனப்பாடம். அலுவலகங்களுக்கு மட்டும் ஒவ்வொரு ஆண்டும் அது புதுச் செய்தி.

2021 முதல் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். வாழ்த்துச் செய்தி வராத கட்சி இல்லை. விழாவுக்கு முன்னால் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது, படம் வருகிறது, “அடிப்படை வசதிகள் அனைத்தும் செய்யப்பட்டுள்ளன” என்ற பழைய வாக்கியம் புதுத் தேதியோடு வெளியாகிறது. வசதிகளின் பெரும்பகுதி பழனி நகருக்குள்ளும் மலையடிவாரத்திலும் குவிகிறது. பக்தர் அங்கே வந்து சேர்வது கடைசி நாளில். திண்டுக்கல்லிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று இரண்டு நாள், மூன்று நாள் நடை. மனித உடம்பு மலையடிவாரம் வரை காத்திருக்காது. பாதையில் வைக்கும் தற்காலிகக் கழிப்பறையோ பலமுறை பெயரளவுக்குத்தான்: தண்ணீர்த் தொட்டி காலி, விளக்கு இல்லை, முதல் நாள் கழுவியதோடு சரி. உள்ளே எட்டிப் பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு காட்டுக்கே போய்விடுகிறார். உடனே கோப்பில் ஒரு குறிப்பு ஏறுகிறது: பக்தர்கள் கழிப்பறையைப் பயன்படுத்துவதில்லை.

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஓரம் ஊராட்சியுடையது. பக்தர் கோயிலுடையவர். நோய் வந்தால் சுகாதாரத் துறைக்குப் போக வேண்டும். மலம் மட்டும் யாருடையதும் இல்லை.

சட்டம் இல்லாத குறையா? 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி அத்தியாயம் இருக்கிறது. திருவிழாவுக்குப் போனவர்களோடு காலரா ஊர் திரும்பிய நினைவு ஆறாத காலத்தில் எழுதிய சட்டம் அது. கூட்டம் கூடினால் நல்ல தண்ணீரும் கழிப்பிடமும் துப்புரவும் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. இன்று காலரா அடங்கியிருக்கிறது என்ற தைரியத்தில் அந்த அத்தியாயத்தின் மேல் தூசி படிய விட்டிருக்கிறோம்.

தூசிக்கு அடியில் வேறொன்று ஊர்கிறது. வெறுங்காலோடு நடப்பது நேர்த்தி. அந்தக் கால் எதை மிதிக்கிறது என்று யாராவது குனிந்து பார்த்ததுண்டா? கொக்கிப்புழு உள்ள ஒருவர் திறந்தவெளியில் மலம் கழித்தால் அதிலிருக்கும் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிகின்றன. ஐந்து முதல் பத்து நாளுக்குள் அந்தக் குஞ்சுப் புழு மனிதத் தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாகக் குடலில் இறங்கி, அங்கே கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும். காலில் லேசான அரிப்போடு தொடங்கியது பல மாதம் கழித்துச் சோகையாக வெளிப்படும். அப்போது அதைப் பாதயாத்திரையோடு முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் காயாத மார்கழி, தை மண்ணில் இது நடக்கிறது. இன்று ஒருவர் வேலிக்குப் பின்னால் ஒதுங்கிய இடம், அடுத்த வாரம் அதே வேலியைத் தேடி வரும் இன்னொரு முருக பக்தரின் காலுக்கு வைத்த கண்ணி.

பக்தர்கள் போய்விடுவார்கள். அந்தத் தோட்டத்துக்காரர் எங்கே போவார்? ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் பறித்துக் கொடுக்கிற கூலிப் பெண்களும், பள்ளிக்கூடம் விட்டு அந்த வரப்பில் ஓடிவரும் பிள்ளைகளும் அதே மண்ணில்தான் நிற்கிறார்கள். ஊருக்குப் புண்ணியம் சேர்க்க வந்தவர்கள் விட்டுப்போனதை மிதித்துக்கொண்டு.

எத்தனை கழிப்பறை வேண்டும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. பேரிடர் முகாம்களுக்கென்று உலகம் முழுவதும் கையாளும் ஸ்பியர் கையேடு, அவசர நிலையிலும் 50 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும் என்கிறது. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதத்தையும் சொல்கிறது. ஆயிரம் பேர் இரவு தங்கும் இடத்துக்கு இருபது. அதில் பதினைந்து பெண்களுக்கு. பூகம்பத்தில் வீடிழந்தவருக்குக் குறைந்தபட்சம் என்று வகுத்ததை, தமிழ்நாட்டின் அதிக வருமானம் உள்ள கோயில்களில் ஒன்றுக்கு நடந்து வருகிறவருக்குக் கேட்கிறோம். இதைப் பேராசை என்பவர்கள் ஒருநாள் அந்தப் பாதையில் நடந்து பார்க்கட்டும். மாலை போட வேண்டாம், நடந்தால் போதும்.

வாரிப் போடும் அன்னதானத்தையும் பேசாமல் விட முடியாது. பசித்தவனைத் தேடிப் போய்ச் சோறு போடுகிற மனசு பெரிது. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விடிகாலையில் வடித்துக் கொட்டிய சாம்பார் சாதம் அண்டாவில் மத்தியானம் தாண்டியும் கிடக்கிறது. ஆறிய சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். நடுவழியில் வாந்தியும் பேதியும் வந்தவருக்கு அருகில் கழிப்பறையும் இல்லையென்றால் என்ன கதி? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இலவசமாக வழங்குவோரும் பதிவு செய்ய வேண்டும். புண்ணியம் செய்கிறோம், பதிவு எதற்கு என்று கேட்பது சரியல்ல. கையால் பிசைந்து சாப்பிடுகிற ஊரில், பந்திக்குப் பக்கத்தில் கை கழுவ ஒரு குழாயும் ஒரு சோப்பும் வைக்காத அன்னதானம் பாதி தானம்தான். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் பந்தலுக்குப் பந்தல் எங்கிருந்து வருகின்றன என்பதை அதிகாரிகள்தாம் சொல்ல வேண்டும். கேசரி கொடுக்க நூறு பேர் முந்துகிறார்கள். இந்த இடத்துக் கழிப்பறையைக் கழுவும் செலவு எங்களுடையது என்று பேனர் கட்டிய ஒருவரை நாம் இன்னும் பார்க்கவில்லை.

இனி பக்தர்களிடமும் அவர்களை நடத்திச் செல்லும் குருசாமிகளிடமும். மாலை போட்ட நாள் முதல் இருவேளைக் குளியல், தனித் தட்டு, தனிப் பாய். வீட்டில் தீட்டு என்றால் வாசற்படி தாண்டாத கண்டிப்பு. அதே மனிதர் பஸ் நிழற்குடையின் பின்னாலும், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் ஓரத்திலும், அடுத்த ஊர் குடிக்கிற வாய்க்காலின் கரையிலும் உட்கார்ந்து எழுகிறார். வழிநெடுக அசிங்கம் செய்துவிட்டுச் சண்முகநதியில் மூன்று முழுக்குப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எந்தச் சாமி சொன்னது? சங்கத்து டெம்போவில் ஸ்பீக்கர் செட்டுக்கு இடம் இருக்கிறது, ஜெனரேட்டருக்கு இடம் இருக்கிறது, மின்விளக்கு வேலுக்கு இடம் இருக்கிறது. நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் ஒரு மண்வெட்டியும் ஏற்ற இடம் இல்லையா? அவசரத்துக்கு வேறு வழியே இல்லாதபோது, நீர்நிலைக்கு எட்டத்தில் ஒரு குழி வெட்டி, முடிந்ததும் மண் தள்ளி மூட எந்த அரசாணையும் தேவையில்லை.

குருசாமி என்றால் பஜனை நடத்துபவர் மட்டும் அல்ல. தங்குமிடம் வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கால் கழுவித் துடைத்தார்களா, வியர்வையில் ஊறிய துணியை மாற்றினார்களா என்று பார்ப்பதும் அவர் வேலை. ஈரத்துணியோடு நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும், படர்தாமரை பிடிக்கும். கொப்புளத்தை ஊக்கால் குத்தி உடைப்பது சீழுக்கு வழி. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். தார்ச்சாலையின் சூடும் குத்திய முள்ளும் அவருக்குத் தெரியாது. அவரைச் செருப்புப் போட வைக்க முடியாத குருசாமி, அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

சண்முகநதியைப் பற்றி ஒரு வார்த்தை. பாலாறு, பொருந்தலாறு முதலிய மலையாறுகள் கூடி வந்து அமராவதியில் சேரும் நதி அது. குளித்தவர் அவிழ்த்த வேட்டி, ஷாம்பு உறை, சோப்புக் காகிதம் எல்லாம் அதில்தான். சபரிமலை பக்தர்கள் பம்பையில் துணி வீசக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் தடை போட்டது. நாமும் நீதிமன்றம் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோமா?

விழா முடிந்த மறுநாள் வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களை லாரியில் ஏற்றி வந்து இறக்குவார்கள். “பல டன் குப்பை அகற்றம்” என்று செய்தி வரும். மனித மலத்தை மனிதரைக் கொண்டு கையால் அள்ள வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லட்சக்கணக்கானவர்களைக் கழிப்பறை இல்லாமல் நடக்க விட்டால், அந்தக் குற்றத்துக்குத் தேதி குறித்துவிட்டதாகத்தான் பொருள். துப்புரவாளருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுப்பதால் அது குறையாது.

முடியாத காரியமா என்றால், மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர், மூன்று வாரம், பல்லக்கோடு நடக்கும் லட்சக்கணக்கான வாரக்ரி பக்தர்கள். பல்லக்கு போன பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஊர்கள் அங்கேயும் இருந்தன. பிறகு நிர்மல் வாரி என்ற பெயரில், பல்லக்கு தங்கும் ஊர்கள்தோறும் நடமாடும் கழிப்பறைகளை முன்கூட்டியே கொண்டு நிறுத்தினார்கள்; கல்லூரி மாணவர்கள் தொண்டர்களாக நின்று, காட்டை நோக்கிப் போகிறவர்களைக் கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. அவர்கள் தொடங்கினார்கள். நாம் ஆய்வுக் கூட்டத்தில் இருக்கிறோம்.

அறநிலையத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து இந்தப் பாதைகளுக்கென்று ஒரே ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு தங்குமிடத்திலும் எழுதப்பட வேண்டும். பாதயாத்திரைக்கென்று போட்ட நடைபாதையை ஒட்டி, சில கிலோமீட்டருக்கு ஒன்றாக, தண்ணீரும் விளக்கும் உள்ள நிரந்தரக் கழிப்பறைகள் வேண்டும். கழுவுவதற்கு நேர முறை வைத்து, முறையான கூலியும் கையுறையும் காலணியும் கொடுத்து ஆள் அமர்த்த வேண்டும். மலக்கசடு லாரி அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறது என்பதற்கும் கணக்கு வேண்டும்; ஓடையில் திறந்துவிட்டால் எல்லாம் வீண். இதற்கு உண்டியல் பணத்தில் ஒரு பங்கைச் செலவிடுவது பக்தியைச் சேர்ந்த செலவுதான்.

மார்கழியில் முதல் கூட்டம் கிளம்பிவிடும். எந்த ஊரில் எத்தனை கழிப்பறை, அதில் பெண்களுக்கு எத்தனை, கழுவப் போவது யார், பதில் சொல்லப் போவது யார் என்ற பட்டியலை ஐப்பசி முடிவதற்குள் வெளியிடுங்கள்.